60 மி.மீ. தடிமனில் 1200 மெகாபாஸ்கல்: டைட்டானியக் கலவையில் இயலுமா?

கேள்வி: இணைப்புக்கை

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய எந்திரப் பட்டறை ஒன்றில் வடிவமைப்பையும் உற்பத்தித் திட்டத்தையும் சேர்த்துக் கவனித்து வருகிறேன். நாங்கள் இதுவரை கையாண்ட டைட்டானியம் இரண்டே வகைதான்: ஒன்று தூய டைட்டானியத் தகடு, மற்றொன்று 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த, எல்லோரும் 6-4 என்றோ ஐந்தாம் தரம் என்றோ அழைக்கும் கலவை. இப்போது வந்திருக்கும் வரைபடத்தில் இரண்டு பாகங்கள் உள்ளன. முதலாவது, இரு முனைகளிலும் பின் செருகுவதற்கான துளைகளைக் கொண்ட ஓர் இணைப்புக் கை. அதன் நடுப்பகுதியின் தடிமன் 60 மி.மீ. இரண்டாவது, 2 மி.மீ. தகட்டை வளைத்துச் செய்து அந்தக் கையின் மேல் வெல்டிங் செய்ய வேண்டிய ஒரு மூடி. இரண்டுக்கும் பொதுவாக, உயர்வலிமை டைட்டானியக் கலவையாக இருக்க வேண்டும், இழுவிசை வலிமை 1200 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கலவை என்பதைச் சொல்லவில்லை.

6-4 கலவையைச் சூடேற்றி நீரில் தணித்து (சட்டெனக் குளிர்வித்து), ஏஜிங் (மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்திருத்தல்) செய்தால் 1100 மெகாபாஸ்கலுக்கு மேல் கிடைக்கும் என்று கையேடுகளில் படித்திருந்ததால், அதையே முதலில் முயன்று பார்த்தோம். 60 மி.மீ. தடிமன் கொண்ட கட்டி ஒன்றை 955 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, நீரில் தணித்து, 540 டிகிரியில் நான்கு மணி நேரம் ஏஜிங் செய்தோம். மேற்பரப்பை ஒட்டி எடுத்த சோதனைத் துண்டு ஏறத்தாழ 1080 மெகாபாஸ்கலைத் தாங்கியது. நடுவிலிருந்து எடுத்த துண்டு 960ஐத் தாண்டவில்லை. தணிக்கும் நீரைக் குளிர்வித்தும் கலக்கியும் பார்த்தோம், பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

மூடியிலும் சிக்கல்தான். 6-4 தகட்டை அறை வெப்பநிலையில் 6 மி.மீ. உள் ஆரத்தில் வளைத்தபோது வெளிப்புறத்தில் மெல்லிய விரிசல்கள் தோன்றின. விரிசல் விடாத துண்டுகளும் கருவியை விலக்கியதும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக விரிந்துகொண்டன. சோதனை வெல்டிங்கில் தையல் சில இடங்களில் நீலமாகவும் சில இடங்களில் சாம்பல் நிறமாகவும் வந்தது.

எனவே, 60 மி.மீ. தடிமனில் இந்த வலிமையைத் தரும் கலவை எது, அதை எந்த வரிசையில் கையாள வேண்டும், தகட்டுப் பாகத்தை எப்படிச் செய்வது என்பனவற்றை அனுபவமுள்ளோர் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: நுண்கட்டமைப்பு

வணக்கம். தங்கள் உலையிலும் தண்ணீரிலும் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தடிமனில் 6-4 அவ்வளவுதான் தரும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது புரிந்துவிட்டால் கலவையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

தூய டைட்டானியம் 882 டிகிரிக்குக் கீழே ஆல்ஃபா என்னும் அறுங்கோண நெருக்கப் பொதிவு அமைப்பிலும், அதற்கு மேலே பீட்டா என்னும் பொருள்மையக் கனசதுர அமைப்பிலும் இருக்கிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் ஆல்ஃபாவுக்குத் துணை நின்று இந்த மாறுநிலை வெப்பத்தை உயர்த்துகின்றன. வனேடியம், மாலிப்டினம், இரும்பு, குரோமியம் ஆகியவை பீட்டாவுக்குத் துணை நின்று அதைத் தாழ்த்துகின்றன. 6-4 கலவையில் முழுவதும் பீட்டாவாக மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 995 டிகிரி. தாங்கள் 955இல் வைத்திருந்தபோது உள்ளே ஆல்ஃபாவும் பீட்டாவும் கலந்தே இருந்தன. வேகமாகத் தணித்தால் அந்த பீட்டா, நிலையற்றதொரு வடிவத்தில் உறைந்து நிற்கும். பிறகு ஏஜிங் செய்யும்போது அதற்குள்ளிருந்து மிக நுண்ணிய ஆல்ஃபா படிவங்கள் பிரிந்து வலிமையைக் கூட்டும். மெதுவாகக் குளிர்ந்தாலோ, பீட்டா அந்த வழியிலேயே பருத்த ஆல்ஃபா தட்டுகளாக மாறிவிடும். ஏஜிங் உலைக்குள் போகும்போது வினைபுரிய எதுவும் மிஞ்சியிருக்காது.

6-4 கலவையில் பீட்டாவை நிலைநிறுத்தும் தனிமங்கள் குறைவாக இருப்பதால் அது இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. போதாதற்கு, அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 6.7 வாட் அளவில்தான் இருக்கிறது. சாதாரணக் கார்பன் எஃகில் இது 50ஐ ஒட்டி இருக்கும். ஆகவே தண்ணீரை எவ்வளவு குளிர்வித்தாலும், எவ்வளவு கலக்கினாலும், 30 மி.மீ. ஆழத்தில் இருக்கும் வெப்பம் தன் போக்கில்தான் வெளியேறும். தணித்து ஏஜிங் செய்வதன் முழுப் பயன் 6-4 கலவையில் 25 மி.மீ. தடிமனுக்குள்தான் என்று பொதுவாகக் கொள்வது இதனால்தான். கையேட்டில் தாங்கள் கண்ட எண் பொய்யல்ல. அது மெல்லிய வெட்டுமுகத்துக்கு உரிய எண்.

தடித்த பாகத்துக்குப் பீட்டாவை ஒட்டிய கலவைகள் வேண்டும். அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 10-2-3, அதாவது 10 விழுக்காடு வனேடியம், 2 விழுக்காடு இரும்பு, 3 விழுக்காடு அலுமினியம். போயிங் 777 விமானத்தின் முதன்மைத் தரையிறங்கு சக்கர அமைப்பில் சக்கரங்களைத் தாங்கும் பெரிய உத்தரம் இந்தக் கலவையைச் சூடாக்கி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங்தான். இதன் பீட்டா மாறுநிலை 800 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, 760 டிகிரி அளவில் வைத்து, நீரில் தணித்து, 500 டிகிரியை ஒட்டி எட்டு மணி நேரம் ஏஜிங் செய்வது வழக்கம். இந்தக் கலவைக்கான ஏஎம்எஸ் 4984 என்னும் விமானத்துறை ஃபோர்ஜிங் தர ஆவணம் 1193 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமையைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. தங்கள் 60 மி.மீ. தடிமனில் நடுப்பகுதி வரை வலிமை இறங்கும்.

இரண்டாவது 5-5-5-3, அதாவது அலுமினியம், வனேடியம், மாலிப்டினம் ஆகியவை தலா 5 விழுக்காடும் குரோமியம் 3 விழுக்காடும். சோவியத் காலத்து விடி22 கலவையின் வழித்தோன்றல் இது. போயிங் 787 விமானத்தின் தரையிறங்கு அமைப்பில் இடம்பெற்றிருக்கிறது. 1240 மெகாபாஸ்கல் அளவில் பயன்படுத்தப்படும் இந்தக் கலவையின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. இதில் பீட்டா மிகவும் மந்தமாக மாறுவதால், 150 மி.மீ. அளவிலான தடிமனையும் காற்றில் குளிர்வித்தே பதப்படுத்த முடிகிறது. நீரில் தணிக்க வேண்டாம் என்றால் கோணலும் எஞ்சிய தகைவும் வெகுவாகக் குறையும். தங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கு இது சாதாரண வசதியன்று.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 6-4 கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.43 கிராம்; 10-2-3, 5-5-5-3 இரண்டுக்கும் 4.65 அளவு. 1200 மெகாபாஸ்கலை 4.65ஆல் வகுத்தால் 258 வருகிறது. 1930 மெகாபாஸ்கல் வலிமையுள்ள 300எம் எஃகுக்கு அதே கணக்கில் 247தான். மிகு வலிமை எஃகுகளின் இடத்தை இந்தக் கலவைகள் பிடித்ததன் காரணம் இந்தச் சிறு வேறுபாடும், துருப்பிடிக்காத இயல்பும்தான்.

இனி, எச்சரிக்கைகள். வலிமை கூடக் கூட முறிவு எதிர்ப்புத் தன்மை இறங்கும். 10-2-3 கலவையை 1193 மெகாபாஸ்கல் நிலைக்குப் பதப்படுத்தும்போது அதன் முறிவுத் தாங்குதிறன் (விரிசல் பரவாமல் தடுக்கும் திறன்) 44 மெகாபாஸ்கல்-வர்க்கமூல மீட்டர் என்ற அளவைத்தான் குறைந்தபட்சமாக உறுதிசெய்ய முடிகிறது. 6-4 கலவையைச் சாதாரணமாகப் பதமாற்றி (சூடாக்கி ஆறவிட்டு) பயன்படுத்தும்போது இதைவிட நல்ல எண்களே கிடைக்கும். சிறு கீறலையும் கூர்மூலையையும் இந்தக் கலவைகள் மன்னிப்பதில்லை. ஏஜிங் வெப்பநிலையைச் சிக்கனத்துக்காகக் குறைக்கவும் வேண்டாம். 400 டிகிரிக்குக் கீழே ஒமேகா என்னும் நுண்படிவம் தோன்றி உலோகத்தை நொறுங்க வைத்துவிடும்.

கலவையின் பெயரைச் சொல்லி எங்காவது கிடைக்கும் உருளையை வாங்கி அறுத்துச் செய்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். 10-2-3 கலவையில் ஃபோர்ஜிங் முறையே பண்புகளைப் பாதி தீர்மானிக்கிறது. முதல் கட்ட அடிப்புப் பீட்டா மாறுநிலைக்கு மேலேயும், இறுதிக் கட்ட அடிப்பு அதற்குக் கீழேயும் நடக்க வேண்டும். அந்த இறுதிக் கட்டச் சுருக்கம் போதவில்லை என்றால், பெரிய பீட்டா மணிகளின் (படிகத் துகள்களின்) எல்லைகளில் ஆல்ஃபா தொடர்ச்சியான படலமாகப் படிந்து, விரிசல் ஓடுவதற்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடும்.

பதில் 2: ஆர்கான்திரை

மேலே உள்ள விளக்கம் இணைப்புக் கைக்குப் போதுமானது. நான் தகட்டைப் பற்றியும் வெல்டிங்கைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக என் கை அதில்தான் இருக்கிறது.

முதலில் வளைவு. பதமாற்றிய 6-4 தகட்டுக்கு அறை வெப்பநிலையில் உள் ஆரம், தகடு 1.8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தடிமனைப் போல் நான்கரை மடங்கும், அதற்கு மேல் ஐந்து மடங்கும் என்பதே தகட்டுத் தரங்களில் வளைவுச் சோதனைக்குக் குறித்திருக்கும் அளவு. தங்கள் 2 மி.மீ. தகட்டுக்கு அது 10 மி.மீ. ஆகிறது. 6 மி.மீ. ஆரத்தில் விரிசல் விட்டதில் வியப்பில்லை. விடாமல் தப்பிய துண்டுகளைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அவற்றை, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் ஊடுருவு சாயச் சோதனை செய்யாமல் எங்கும் பொருத்தி விடாதீர்கள். வளைகோடு உருட்டு திசைக்குக் குறுக்கே இருக்கட்டும், வெட்டிய ஓரங்களை அரம் போட்டு வழவழப்பாக்கிய பிறகே வளையுங்கள். ஓரத்தில் விட்டுவைத்த ஒரு சிறு பிசிறிலிருந்தே விரிசல் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வளைத்தது திரும்ப விரிவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவை, பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தால் வகுத்துப் பாருங்கள். 6-4 கலவைக்கு 880 மெகாபாஸ்கலை 114 கிகாபாஸ்கலால் வகுத்தால் 0.0077, மென் எஃகுக்கு 250 மெகாபாஸ்கலை 200 கிகாபாஸ்கலால் வகுத்தால் 0.00125. ஏறத்தாழ ஆறு மடங்கு. எஃகில் பழகிய கை இந்தத் தகட்டில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். ஆரத்தைக் குறைக்கவே முடியாது என்றால் 650 முதல் 700 டிகிரியில், கருவியையும் சேர்த்துச் சூடாக்கி வளைத்து, அந்த நிலையிலேயே சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் தகைவு தளர்ந்து, வடிவம் கருவியில் இருந்தபடியே நிற்கும். ஆனால் காற்றில் அந்த வெப்பத்துக்குப் போன தகட்டின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஊறிக் கெட்டியான, நொறுங்கும் தோல் ஒன்று உருவாகும். ஆல்ஃபா தோல் என்பார்கள். அதை அமிலத்தில் கரைத்தே நீக்க வேண்டும். மேலே தெரியும் நிறத்தைத் தேய்த்துவிட்டுத் தோலும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நிறம் போகும், தோல் இருக்கும்.

அடுத்து வெல்டிங். தையலின் நிறம் ஒரு சாட்சி. வெள்ளியாக மின்னினால் நல்லது. வைக்கோல் நிறம் வரை பொதுவாக ஏற்பார்கள். நீலம் வந்தால் காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். சாம்பல் நிறமும் வெண்பொடியும் வந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். அதன்மேல் இன்னொரு முறை ஓட்டி நிறத்தை மறைப்பது குற்றத்தை உள்ளே புதைப்பதற்குச் சமம். டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் உருகிய குட்டையை மட்டும் காக்கிறது. டார்ச் நகர்ந்த பிறகும் பின்னால் உள்ள தையல் 400 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே டார்ச்சுக்குப் பின்னால் இழுபடும் தனி ஆர்கான் உறை ஒன்றும், தகட்டின் அடிப்புறத்துக்குத் தனி ஆர்கான் ஓட்டமும் கட்டாயம் வேண்டும். சில இடங்களில் மட்டும் நீலம் வந்தது என்கிறீர்கள். பெரும்பாலும் உறை திரும்பும் மூலைகளிலோ, குழாய் இணைப்பில் கசிவு உள்ள நேரத்திலோதான் அப்படி வரும்.

துடைக்கும் திரவத்திலும் கவனம் வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களைத் தொடாதீர்கள். 1960களில் பெரும்பாலும் டைட்டானியத்தாலான எஸ்ஆர்-71 உளவு விமானத்தைக் கட்டியபோது, கோடைக்காலத்தில் செய்த புள்ளிவெல்டிங் பலகைகள் சீக்கிரமே கெட்டுப்போயின, குளிர்காலத்தில் செய்தவை நன்றாக நின்றன. தேடிப் பார்த்ததில், பாசி வளராமல் இருக்க நகரக் குடிநீரில் கோடையில் சேர்த்த குளோரின்தான் பாகங்களைக் கழுவியபோது வேலையைக் கெடுத்தது என்று தெரிந்தது. காய்ச்சி வடித்த நீருக்கு மாறிய பிறகே சிக்கல் தீர்ந்தது. காட்மியம் பூசிய கருவிகளையும் அங்கே விலக்க வேண்டி வந்தது.

கடைசியாக ஒன்று. பதப்படுத்தி முடித்த 10-2-3 கையின் மேல் மூடியை வெல்டிங் செய்யும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. தையலை ஒட்டிய பகுதி ஏஜிங் வெப்பத்தைத் தாண்டிச் சூடேறும்போது, எட்டு மணி நேரம் பாடுபட்டு வளர்த்த நுண்படிவங்கள் கரைந்துபோகும், வலிமை அங்கே சரியும். பிறகு முழுப் பாகத்தையும் மீண்டும் ஏஜிங் செய்தால் தையலின் இழுபடு தன்மை போய்விடும். மூடியைப் போல்ட் போட்டு இணைத்துவிடலாமே. அப்போது அதற்கு 1200 மெகாபாஸ்கல் தேவையில்லை. சாதாரணமாகப் பதமாற்றிய 6-4 போதும்.

பதில் 3: சுமைக்கணக்கு

சுருக்கமாக ஒரு கேள்வி. இந்தப் பாகம் எஃகுப் பாகத்துக்கு மாற்றாகச் செய்யப்படுகிறதா? அப்படியானால் வலிமையைப் போலவே வளைவையும் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? 6-4 ஆனாலும் 10-2-3 ஆனாலும் யங் குணகம் 105 முதல் 115 கிகாபாஸ்கலுக்குள்தான் இருக்கும். எஃகுக்கு 200க்கு மேல். அளவுகளை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் அதே சுமைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வளையும். 900 மெகாபாஸ்கல் கலவையிலிருந்து 1200 மெகாபாஸ்கல் கலவைக்கு மாறுவது இந்த வளைவை ஒரு துளியும் குறைக்காது. விறைப்பு போதாமல்தான் வலிமையைக் கூட்டிக் கேட்கிறார்கள் என்றால், வெட்டுமுகத்தை அகலப்படுத்தி 6-4 கலவையிலேயே முடித்துவிடலாம். செலவும் தொல்லையும் மிச்சம்.

கேட்டவரின் மறுமொழி: இணைப்புக்கை

மூவருக்கும் நன்றி. வாடிக்கையாளரிடம் பேசினேன். ஆம், இது எஃகுப் பாகத்துக்கு மாற்றுதான். வளைவைக் கணக்கிட்டே 60 மி.மீ. தடிமனை வைத்திருக்கிறார்கள்; அதற்கு மேல் தடிமன் கூட்ட இடமில்லை. 1200 என்ற எண் பின் துளையைச் சுற்றியுள்ள தகைவிலிருந்து வந்தது. மூடியைப் போல்ட் போட்டு இணைக்கவும், அதைப் பதமாற்றிய 6-4 தகட்டில் 10 மி.மீ. ஆரத்தில் செய்யவும் ஒப்புக்கொண்டார்கள்.

கை 10-2-3 ஃபோர்ஜிங்காக வரப்போகிறது. 5-5-5-3 எங்களுக்கு வேண்டிய சிறு அளவில் உடனே கிடைக்கவில்லை. இப்போது என் ஐயம் வரிசையைப் பற்றியது. வெப்பப் பதப்படுத்தலுக்கு முன்பே எல்லா எந்திர வேலைகளையும் முடித்துவிட்டால் மென்மையான நிலையில் வெட்டலாம் அல்லவா? பிறகு அமிலத்தில் கழுவி ஆல்ஃபா தோலை நீக்கிவிட்டால் போதாதா?

பதில் 4: கூர்முனை

அப்படிச் செய்ய வேண்டாம். நீரில் தணிக்கும்போது கை கோணும். இரு துளைகளின் அச்சுகளும் இணையாக நிற்காது. பெருவெட்டை முன்பே முடித்து, எல்லாப் பரப்புகளிலும் 2 முதல் 3 மி.மீ. மிச்சம் விட்டுவிட்டுப் பதப்படுத்துங்கள். இறுதி வெட்டையும் துளைகளையும் ஏஜிங்குக்குப் பிறகு முடியுங்கள். பதப்படுத்திய நிலையில் வெட்டுவது கடினம்தான், ஆனால் மிச்சம் விட்டது சிறிய அளவு என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

டைட்டானியத்தை வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி சுருளோடு போகாமல் கருவியின் முனைக்கே திரும்புகிறது. மேலே ஒருவர் சொன்ன அந்தக் குறைந்த கடத்துதிறன் இங்கேயும் நம்மைப் படுத்துகிறது. பதமாற்றிய 6-4 கலவையைப் பூச்சில்லாத கார்பைடு கருவியால் நிமிடத்துக்கு 45 முதல் 60 மீட்டர் வேகத்தில் வெட்டிப் பழகியிருப்பீர்கள். ஏஜிங் செய்த 10-2-3 கலவைக்கு 30 மீட்டரில் தொடங்கி, முனையைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், ஊட்டத்தை (கருவி முன்னேறும் அளவை) குறைக்கக் கூடாது. கருவி வெட்டாமல் உரசிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நொடியும் பரப்பைக் கெட்டியாக்கி அடுத்த சுற்றில் முனையைத் தின்னும். சுருள் தடிப்பாகத் தொடங்கி மெலிந்து முடியும் திசையில் மில்லிங் செய்யுங்கள். குளிர்விப்பானை உயரழுத்தத்தில் முனையின் மேலேயே பாய்ச்சுங்கள். 70 பார் கிடைத்தால் மிக நல்லது. மழுங்கிய கருவியை இன்னும் ஒரு துளைக்குத் தாங்கும் என்று நம்பிப் போடுவது இந்த உலோகத்தில் எனக்கு ஒரு முழுப் பாகத்தைப் பறித்திருக்கிறது.

பின் துளைகளை அரைத்து முடிக்க நினைத்தால் மறுபடி யோசியுங்கள். அரைப்பில் ஏற்படும் சூட்டுக்காயம் களைப்பு ஆயுளை வெகுவாகக் குறைத்துவிடும். துளையைப் போரிங் செய்து, ஓரங்களை உருட்டி, பரப்புகளுக்குக் குண்டடிப்பு (சிறு குண்டுகளை வீசி அடித்தல்) செய்து அமுக்கத் தகைவை உண்டாக்குவதே நல்ல வழி. டைட்டானியத்தின் மேல் எஃகுப் பின் நேரடியாக உரசினால் ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். அலுமினிய வெண்கலப் புஷ் ஒன்றை இறுக்கிப் பொருத்துங்கள். தரையிறங்கு அமைப்புகளிலும் அதையே காணலாம்.

நுண்சுருள்களை அன்றன்றே அள்ளி மூடிய உலோகக் கலத்தில் போட்டுவிடுங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தீக்கான பொடி அணைப்பானோ உலர்மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பதில் 5: நுண்கட்டமைப்பு

முந்தைய பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். அதிலேயே அமிலக் கேள்விக்கும் விடை இருக்கிறது. பதப்படுத்தலுக்குப் பிறகு எல்லாப் பரப்பிலும் 2 மி.மீ. வெட்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால், அதைவிடப் பலமடங்கு மெல்லிய ஆல்ஃபா தோலும் அதனோடு போய்விடும், அமிலமே வேண்டாம். இணைப்புக் கையை அமிலத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில் உலோகம் கரையும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. ஆல்ஃபாவைக் காட்டிலும் பீட்டா அதைத் தாராளமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். பொதுவாக இந்தக் கலவைகளில் ஹைட்ரஜன் 0.015 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அதை வெளியேற்ற வெற்றிட உலையில் 700 டிகிரி அளவில் வைக்க வேண்டும். அங்கே போன 10-2-3 பாகத்தின் ஏஜிங் வலிமை பாழாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

மூடிக்கு எப்போதாவது அமிலக் கழுவல் தேவைப்பட்டால், நைட்ரிக் அமிலத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் போல் பத்து மடங்கு விகிதத்தில் வைத்திருங்கள். ஹைட்ரஜன் உட்புகுவதை அந்த விகிதம்தான் தடுக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமலே எலும்பு வரை போகக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இல்லாத இடத்தில் அந்தத் தொட்டியைத் திறக்கவே கூடாது.

வரைபடத்தில் ஒரு திருத்தம் கேட்டு வாங்குங்கள். ஃபோர்ஜிங் தர ஆவணம் உறுதியளிப்பது 1193 மெகாபாஸ்கல். வாடிக்கையாளர் எழுதியிருப்பது 1200. சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு என்ற அலகில் 173 என்றிருந்த எண்ணை மாற்றி எழுதியதால் வந்தது 1193. இந்த 7 மெகாபாஸ்கலுக்காக ஏஜிங் வெப்பநிலையைத் தாழ்த்தி வலிமையைப் பிழிந்தெடுக்கப் போனால், முறிவுத் தாங்குதிறன் 44க்குக் கீழே சரியும். 1193 என்றே குறித்து, பின் துளையின் கணக்கில் அதற்கேற்ப அரை மி.மீ. சதை கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபோர்ஜிங் வந்து சேர்ந்ததும் இரண்டு சோதனைகளை விட்டுவிடாதீர்கள். இரும்பு சேர்ந்த கலவை என்பதால், வார்ப்பு உறையும்போது இரும்பு ஓரிடத்தில் தேங்கி, பீட்டா மாறுநிலை தாழ்ந்த சிறு திட்டுகள் உள்ளே தங்கியிருக்கக்கூடும். ஒரு வெட்டுத் துண்டை மாறுநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கித் தணித்து, மெருகேற்றி அமிலத்தில் அரித்துப் பார்த்தால், ஆல்ஃபாவே இல்லாத வெற்றுப் புள்ளிகளாக அவை தெரியும். இன்னொன்று, இழுவிசைச் சோதனைத் துண்டு. அதை மெல்லிய தனித் துண்டொன்றில் எடுத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபோர்ஜிங்கின் முனையில் அதே 60 மி.மீ. தடிமனில் கூடுதல் நீளம் விடச் சொல்லி, அது கையோடு ஒட்டியபடியே பதப்படுத்தப்பட்ட பிறகு, அதன் நடுவிலிருந்து, அடிப்பில் உலோக மணிகள் நீண்டிருக்கும் திசைக்குக் குறுக்காக எடுங்கள். தங்கள் 6-4 கட்டி 960 காட்டியதும் அந்த இடத்தில்தான்.